ஐந்தாம் எண் கோப்பு

நான் எழுதிய புரோகிராம்களில் ஒன்றே ஒன்றுதான் இதுவரை இன்னொரு மனிதரின் வாழ்க்கையைத் தொட்டிருக்கிறது. தொட்ட இடம் வீங்கிவிட்டது.

2020 டிசம்பர். கொரோனாவுக்காகச் சென்னை அலுவலகத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். மாடி அறையில் பழைய தடித்த புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பேன். மூன்று மணி நேரம் ஒரு சொல் பேசாமல் இருக்க எனக்கு வரும். இதை ஒரு குணமென்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேலாளர் என் மைக் பழுதென்று நினைத்து, கம்பெனிச் செலவில் புதிது அனுப்பிவைத்தார். அதையும் நான் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் என் வேலை, யாரோ எழுதிய புரோகிராமில் ஒரு வரி சேர்ப்பதும் அடுத்த வாரம் அதை எடுத்துவிடுவதும். மனதுக்குள் மட்டும் ஒரு பெரிய திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு நாம் பேசும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் அது ஒரு எண்ணைக் கொடுக்கும். ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் எல்லாம் எண்தான். ஐந்தில் எழுது, ஐந்திலிருந்து படி, ஐந்தை மூடு. மூடியதும் ஐந்து காலியாகிவிடும். அடுத்து யார் வந்து கேட்டாலும் அதே ஐந்தை எடுத்துக் கொடுக்கும். ஆஸ்பத்திரி டோக்கன் போல. இது நாகரிகமான பேச்சாக எனக்குப் படவில்லை. ஒவ்வொரு கோப்பையும் ஒரு ஆப்ஜெக்டாக, தனக்கென்று பிறப்பும் கடமையும் இறப்பும் உள்ள ஒன்றாக ஆக்கவேண்டும் என்பது என் கனவு. பிறக்கும்போது தானே திறந்துகொள்ளும். இறக்கும்போது தானே மூடிக்கொள்ளும். யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டாம். ஸ்கேனரும் பிரிண்டரும் அதே வம்சத்தில் பிறந்த பிள்ளைகள். உலகம் இதை முப்பது வருடங்களுக்கு முன்பே செய்து முடித்துவிட்டது என்பது தெரியும். ஆனால் நான் செய்யவில்லையே.

அந்த மாதம் எங்கள் சாதி ஆட்கள் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டுப் போராட்டத்தில் இறங்கியிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் போட்டோ ஒட்டிய மனுவைக் கிராம நிர்வாக அலுவலகத்தில் கொடுக்கவேண்டும் என்று முடிவு. எங்கள் ஊர்ப் பொறுப்பு அம்மாவின் தம்பி கொளஞ்சியப்பன் மாமாவிடம். மாடிக்கு வந்து, நீயும் வந்து ரோட்டில் உட்காரு என்று என்னைக் கூப்பிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதை மறுப்பென்று எடுத்துக்கொண்டு கோபித்தார். அம்மா சம்மதமென்று எடுத்துக்கொண்டு என் வேட்டியைத் துவைத்துப் போட்டாள். உண்மையில் நான் சும்மாதான் இருந்தேன். இரண்டு நாள் குற்ற உணர்வுக்குப் பிறகு, மனுக்களைத் தயாரிக்க ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று மாமாவுக்குச் செய்தி அனுப்பினேன். ரோட்டில் உட்காராமல் போராட்டத்தில் கலந்துகொள்ளும் வழி.

மனுக்கள் அச்சாவது கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தனசேகரன் வைத்திருக்கும் பிரவுசிங் சென்டரில். அவன் என் பள்ளித்தோழன். கல்லூரிக் கலந்தாய்வுக்குச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து பதிவேற்றுவதும் அங்கேதான். மலையிலிருந்துகூடப் பழங்குடிப் பிள்ளைகள் வருவார்கள். அவனிடம் ஏற்கெனவே ஒரு முறை இருந்தது. போன மனுவைத் திறந்து, பெயரை அழித்து, அடுத்த பெயரை அடித்து, வேறு பெயரில் சேமிப்பான். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன்.

ஸ்கேன், மனு, அச்சு எல்லாம் ஒரே புரோகிராமில். ஒருவருடைய மனுவைத் திறந்துவைத்துவிட்டு அவர் போட்டோ வாட்ஸ்அப்பில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அடுத்தவரின் சான்றிதழை ஸ்கேன் செய்யலாம். எதற்கும் காத்திருக்கவே தேவையில்லை என்று தனசேகரன் மகிழ்ந்தான். எப்போதாவது ஒரு மனு வெற்றுத்தாளாக வந்தது. அவன் பிரிண்டரை இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி எடுத்தான். அதை என்னிடம் சொல்லவில்லை. பிரிண்டரைத் தட்டுவது அந்தக் கடையில் செய்தியல்ல.

புரோகிராமைப் போட்ட ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு நான் கடையில் இருந்தேன். ஒரு பெண் போன் செய்தாள். தனசேகரன் இரண்டு கையிலும் வேலை வைத்திருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, நான் எழில்மதி. வெள்ளிமலைலருந்து வந்து நர்சிங்குக்கு அப்ளை பண்ணனே. என் ஜாதி சர்ட்டிபிகேட்டு இருக்கிற எடத்துல மீசை வெச்ச ஒருத்தரு போட்டோ இருக்குதுங்க. யாருங்க அவரு?"

தனசேகரன் அவளுடைய விண்ணப்பத்தைத் திறந்தான். பழங்குடியினர் சான்றிதழ் இருக்கவேண்டிய இடத்தில், எங்கள் சமூகத்துக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கோரி, கொளஞ்சியப்பன் மாமா முறைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் காலையில் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. சரியான சான்றிதழை இன்று மாலை ஐந்து மணிக்குள் பதிவேற்ற வேண்டும். ஏன் தவறான ஆவணம் வந்தது என்று மாணவியும் பதிவேற்றிய மையத்தாரும் கையெழுத்திட்டு, மையத்தின் முத்திரையோடு ஒரு விளக்கக் கடிதமும் வேண்டும். இல்லாவிட்டால் பொதுப்பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அவள் மதிப்பெண்ணுக்குப் பொதுப்பிரிவில் இடம் கிடைக்காது. அதை அவளே சொன்னாள், நிதானமாக. மறியல் என்று பஸ் வரவில்லை, கீழே வர வழியில்லை என்பதையும் சொன்னாள்.

போனை வைத்ததும் தனசேகரன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கடையின் லெட்டர் பேடையும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்து என் மடியில் வைத்தான்.

"நீ பண்ணது. நீயே போய்ட்டு வா."

அது எப்படி நடந்தது என்பது கடையை விட்டு இறங்குவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இதிலெல்லாம் நான் வேகமானவன். ஒரு ஆப்ஜெக்டை இன்னொரு வேலைக்குக் கைமாற்றும்போது கணினி அதன் நகலை எடுத்துக் கொடுக்கும். மாமாவின் மனுவில் வீட்டு எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள். திருத்தும் வேலைக்குப் போனது நகல். நகலிடமும் ஐந்து என்ற அதே எண். வேலை முடிந்து நகல் இறந்தது. இறக்கும்போது கோப்பை மூடிவிட்டு இறக்கவேண்டும் என்று நான்தான் ஒழுக்கம் கற்பித்திருந்தேன், மூடிவிட்டு இறந்தது. ஐந்து காலி. அந்த நேரம் பார்த்து எழில்மதியின் சான்றிதழுக்காக ஒரு புதிய கோப்பு திறக்க, சிஸ்டம் ஐந்தைத் தூக்கி அதற்குக் கொடுத்துவிட்டது. தன் கோப்பு மூடப்பட்டது தெரியாத மாமாவின் அசல், போட்டோ வந்ததும் ஐந்தில் தன் மனுவை எழுதித் தானும் மூடிக்கொண்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு எழுத வந்த சான்றிதழுக்குக் கதவு சாத்தியிருந்தது.

அப்படிக் கதவு சாத்தியிருந்தால் சிஸ்டம் சும்மா இருக்காது. பிழை என்று சொல்லும். சொல்லித்தான் இருக்கிறது. நான்தான் பிழை வந்தால் யாரையும் தொந்தரவு செய்யாமல் பேசாமல் இருக்கும்படி அந்த ஆப்ஜெக்டை எழுதியிருந்தேன். கடையில் கூட்டம் இருக்கும்போது திரையில் சிவப்பாக எதுவும் குதிக்கக் கூடாது என்பது என் அழகுணர்வு. தனசேகரன் ஸ்கேனரில் வந்த படத்தைப் பார்த்தான், தெளிவாக இருந்தது, பதிவேற்றினான். உள்ளே இருந்தது மாமா. எத்தனையோ பேர் புரோகிராம் எழுதுகிறார்கள். அதில் தன் குணத்தை இவ்வளவு சுத்தமாக இறக்கிவைத்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள்.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மறியல் எங்கள் ஊர் நிறுத்தத்திலேயே நடந்துகொண்டிருந்தது. சாலையின் குறுக்கே நூறு பேர். நடுவில் கொளஞ்சியப்பன் மாமா. பைக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நான் கடைசியில் வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் இறங்கவில்லை. எங்கே போகிறாய் என்று மாமா கேட்டார். வழக்கம்போல் சும்மா இருந்தேன். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். ஒருவர் சாவியில் கை வைத்தார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மௌனத்தைப் பற்றி நான் படித்தவை எதிலும், சாவியில் இன்னொருவர் கை இருக்கும்போது என்ன செய்வது என்று இல்லை.

"மாமா, உங்க மனு ஒரு மலைக்காரப் பொண்ணு சர்ட்டிபிகேட்டு மேல போய் உக்காந்துக்கிச்சு. நான் எழுதனதுலதான் தப்பு. அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணலன்னா அந்தப் பொண்ணுக்கு சீட்டு போயிடும்."

சாலையில் சத்தம் கொஞ்சம் குறைந்தது. நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர்களில் பலர் கேட்டதில்லை. பின்னாலிருந்து ஒருவர், நம்ம சீட்டுக்கு நாம ரோட்டுல கெடக்கிறோம், இவன் அவங்க சீட்டுக்கு மலை ஏர்றான் பாரு என்றார். இன்னொருவர் அவரை அடக்கினார். மாமா யோசித்தார். அவர் யோசிக்கும்போது மீசையின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறும்.

"அப்ப என் மனு இப்ப எங்க கீது?"

அரசாங்கக் கணினியில், சென்னையில் என்றேன்.

"வி.ஏ.ஓ. ஆபீசு தாண்டி, தாலுக்கா ஆபீசு தாண்டி, நேரா மெட்ராஸா?" அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "உங்களுதெல்லாம் இன்னும் இங்கியேதான் கீது." பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "படிக்கிற புள்ள விசயம் மாப்ள. கரும்புக் கொல்லை வரப்புல தள்ளிக்கினு போ. ரோட்டுல வுட்டா, அவனுக்கு வுட்ட, எனக்கு வுடுன்னு எல்லாரும் நிப்பானுவ."

வரப்பில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனதில் ஒருமுறை வாய்க்காலில் விழுந்தேன். லெட்டர் பேடின் மேல் நான்கு தாள் நனைந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, வெள்ளிமலைக்கு அப்பால் அவள் சொன்ன ஊரைக் கண்டுபிடிக்க இரண்டரை ஆகிவிட்டது. வாசலில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிக் காயப்போட்டிருந்தார்கள். எழில்மதி உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தவள். அந்த ஊரிலிருந்து அறிவியல் படித்த முதல் ஆள் என்பதை அவள் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். மகள் சான்றிதழை ஒரு பாலித்தீன் உறையில் போட்டுக் கையில் தயாராக வைத்திருந்தாள். என் சட்டையிலிருந்த சேற்றைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேனா என்று மட்டும் கேட்டாள்.

எழுதவில்லை. வழியெல்லாம் மனதில் எழுதிக்கொண்டுதான் வந்தேன். உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஆபரேட்டிங் சிஸ்டம் ஏன் எண்களைக் கொடுக்கிறது, ஆப்ஜெக்ட் என்றால் என்ன, நகல் எப்போது உண்டாகிறது, இறக்கும்போது என்ன செய்கிறது. ஒரு சிறிய படமும் வரைந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அவள் நின்றுகொண்டே முழுவதும் படித்தாள்.

"இதுல அது மூடிக்கிச்சு, இது செத்துப்போச்சு, அது எழுதிடுச்சுன்னு எல்லாம் இருக்குது. தப்பு பண்ணது யாருன்னு இல்லியே அண்ணா. படிச்சிட்டு என்னைத்தான் நெனப்பாங்க."

இரண்டாவது கடிதம் வேறு மாதிரி வந்தது. அதில் நான் இருந்தேன். அளவுக்கு மீறி இருந்தேன். என் சுபாவம், தனிமை, பிழைகளை மௌனத்தால் மூடும் மனித மனம் என்று போனது. அவள் பாதியில் நிறுத்திவிட்டு, இது எனக்குச் சீட்டு கேட்கும் கடிதமா, உங்களுக்கு மன்னிப்பு கேட்கும் கடிதமா என்று கேட்டாள். அவள் அம்மா கிழங்கு சீவுவதை நிறுத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே சாமை அறுத்த கொல்லை, அதற்கப்பால் இன்னொரு மலை. சும்மா இருப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்த்ததில்லை.

"மூணே முக்கால் ஆவுது" என்றாள் எழில்மதி. "நீங்க பேசாத இருந்தீங்கன்னா அவங்க பேசிடுவாங்க. ஜெனரல்ல போட்டுட்டு. எழுத வேணாம், வாயால சொல்லுங்க. இன்னா ஆச்சு?"

"நான் எழுதன புரோகிராம் தப்பு. உங்க சர்ட்டிபிகேட்டுக்குப் பதிலா எங்க மாமா மனு போயிடுச்சு."

"யாரு தப்பு?"

"என் தப்பு."

"என் தப்பு ஏதாவது இருக்குதா?"

"இல்ல."

"அதையே எழுதுங்க. எங்க எடத்துல வந்து உக்காந்துக்கினு, எழுந்துக்கறதுக்கு ஒன்றரைப் பக்கம் கேக்கிறீங்க."

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். அது மாமாவின் மனுவைப் பற்றியா, என்னைப் பற்றியா, சாலையில் உட்கார்ந்திருந்த நூறு பேரைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை.

எழுதினேன்: 'எங்கள் மையத்தில் நான் எழுதிய புரோகிராமின் தவறால் எழில்மதியின் சாதிச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொருவரின் மனு பதிவேறிவிட்டது. தவறு என்னுடையது. மாணவிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. சரியான சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது.' நான்கு வரி. கீழே அறிவுச்செல்வன் என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெயரை எழுத அவ்வளவு கூச்சமாக எப்போதும் இருந்ததில்லை. முத்திரை குத்தினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும். அங்கே ஏறிப்போய், சான்றிதழையும் கடிதத்தையும் பாறையில் பரப்பி அவள் தன் போனில் படம் எடுத்தாள். எனக்கு எந்த வேலையும் இல்லாததால் காகிதம் பறக்காமல் மூலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதிவேற்றம் இரண்டு முறை பாதியில் நின்றது. ஒவ்வொரு முறையும் திரையில் சிவப்பாகப் பிழை என்று வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு மறுபடி முயன்றாள். மூன்றாம் முறை போய்விட்டது. அனுப்பியதும் அவள் அந்த ஆவணத்தைத் திறந்து பார்த்தாள். உள்ளே அவள் சான்றிதழ்தான் இருந்தது. அதைப் பெரிதாக்கித் தன் பெயரையும் அப்பா பெயரையும் ஒருமுறை படித்தாள். ஒன்பது நாளில் நானோ தனசேகரனோ ஒருமுறைகூடச் செய்யாத வேலை அது.

நாலு ஐம்பதுக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஆவணம் ஏற்கப்பட்டது, விண்ணப்பம் பழங்குடியினர் பிரிவில் பரிசீலிக்கப்படும். அவள் அதைக் கீழே நின்றிருந்த அம்மாவுக்குக் கேட்கும்படி இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். நான் எழுந்து பேண்டைத் தட்டிவிட்டுக்கொண்டேன். இறங்கிப்போகும் வழியில் இதைப் பற்றி நீளமாக யோசிக்கலாம் என்று ஆசையாக இருந்தது.

"என்னுது ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது மறுபடி உட்கார்ந்துவிட்டேன். திருத்தம் செய்த மனு ஒன்று திறந்திருந்த நேரத்தில் யாருடைய சான்றிதழ் ஸ்கேன் ஆகியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். காலையில் கடை வாசலிலேயே அந்தப் பிழையை முழுதாகப் புரிந்துகொண்டவன் நான். அது எத்தனை பேருக்கு நடந்திருக்கும் என்று பதினேழு மைல் மலையேறிய பிறகும் எனக்குத் தோன்றவில்லை.

"அன்னிக்கு எனக்கு முன்னாடி கரியாலூர்ப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. எனக்கு அப்பறம் ரெண்டு பேரு" என்றாள். "அவங்க வூட்டாண்ட சிக்னலே கெடையாது. மெசேஜே வந்திருக்காது."

லெட்டர் பேடை என் பக்கம் நகர்த்தினாள். நனையாத தாள் இன்னும் நிறைய இருந்தது.

தனசேகரனைக் கூப்பிட்டேன். அந்த ஒன்பது நாளில் பதிவேற்றிய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே இருப்பது என்னவென்று படிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். சொன்னேன். நாற்பத்தொன்று இருக்கிறது என்றான். முதல் ஆறு சரியாக இருந்தன. பெயர்களைப் படிக்கப் படிக்க எழுதிக்கொண்டேன். ஏழாவதைத் திறந்தான். திறந்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. போனில் கடையின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எழில்மதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"சும்மா இருக்காத. இன்னா கீதுன்னு சொல்லுடா" என்றேன்.